காதில் சொட்டு மருந்து விடும் முன்

வளர்ப்பு நாய்களை மருத்துவரிடம் கொண்டுபோக வைக்கும் நோய்களில் காது நோய் முன்வரிசையில் நிற்கிறது. பிரிட்டனில் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி நடத்தும் ‘வெட்காம்பஸ்’ ஆய்வுத் திட்டம், 2016ஆம் ஆண்டின் மருத்துவப் பதிவேடுகளிலிருந்து 22,333 நாய்களின் விவரங்களை எடுத்து அலசியது. பல், ஈறு நோய் 12.5 விழுக்காடு நாய்களுக்கு இருந்தது. அடுத்த இடத்தில், உடற்பருமனையும் முந்திக்கொண்டு, 7.3 விழுக்காட்டோடு வெளிச்செவி அழற்சி இருந்தது. இவ்வளவு பரவலான நோய்க்கு நம்மிடையே நடக்கும் வைத்தியம் பெரும்பாலும் ஒரே மாதிரியானது. நாய் தலையை உதறுகிறது, காதில் வாடை அடிக்கிறது. ஒரு சொட்டு மருந்து வாங்கி ஊற்றுகிறோம். பத்து நாளில் காது காய்ந்துவிடுகிறது. இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அதே வாடை, அதே உதறல். மூன்றாவது, நான்காவது முறை வரும்போது மருந்துக்கு வீரியம் போதவில்லை என்று முடிவுகட்டி, அதைவிட வீரியமான புட்டியைத் தேடுகிறோம். இந்தச் சுழற்சியை உடைக்கும் வழி கால்நடை மருத்துவத்துக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரியும் என்பதே இக்கட்டுரையின் வாதம். நாய், பூனைகளின் காது நோய் பெரும்பாலும் தோல் நோய். காதில் காணும் கிருமிகள் அந்த நோய் உண்டாக்கிய ஈரத்திலும் வெப்பத்திலும் வந்து பெருகியவை. கிருமியைக் கொன்றுவிட்டுக் காரணத்தைத் தேடாமல் விட்டால் நோய் திரும்பத்தான் செய்யும்.

காதுக்குள் என்ன இருக்கிறது

மனிதக் காதுப் புழை ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளம். கிட்டத்தட்ட நேராகச் செவிப்பறையை அடைகிறது. நாயின் புழை ‘ட’ எழுத்தைப் போல வளைந்தது: மடலிலிருந்து செங்குத்தாகக் கீழே இறங்கி, பிறகு தலையின் உட்பக்கமாகத் திரும்பி, நாயின் அளவைப் பொறுத்து 5 முதல் 10 சென்டிமீட்டர் ஓடிச் செவிப்பறையில் முடிகிறது. மடலைத் தூக்கிப் பார்க்கும்போது நமக்குத் தெரிவது செங்குத்துப் பகுதியின் வாய் மட்டுமே. நோய் வேர்கொள்ளும் கிடைப்பகுதி கண்ணுக்குத் தெரியாது. இந்தப் புழை முழுவதையும் போர்த்தியிருப்பது தோல்தான்: உடலின் பிற தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளும் மயிர்க்கால்களும் இங்கும் உண்டு, கூடவே குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகளும் உண்டு. ஆரோக்கியமான காது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிறது. செவிப்பறையின் மேல்தோல் மெல்ல மெல்ல வெளிப்புறமாக நகர்ந்து, உதிர்ந்த செல்களையும் குறும்பியையும் வாசல்வரை கொண்டுவந்து சேர்க்கிறது. தோலில் அழற்சி உண்டானால் இந்த ஒழுங்கு குலைகிறது. தோல் தடிக்கிறது, சுரப்பிகள் வீங்கி அதிகமாகச் சுரக்கின்றன, வெளிநோக்கிய நகர்வு நின்றுபோகிறது, புழை குறுகி ஈரம் தேங்குகிறது. இயல்பாகவே காதில் சிறிய எண்ணிக்கையில் வாழும் பாக்டீரியாவுக்கும் ஈஸ்ட்டுக்கும் இதைவிட வசதியான இடம் கிடையாது. காதைத் தினமும் பஞ்சுக்குச்சியால் குடைவதால் பயன் இல்லை என்பதற்கும் இந்த அமைப்பே காரணம்: குச்சி அழுக்கை வளைவுக்கு அப்பால் தள்ளி அடைக்கிறது, தோலையும் உராய்ந்து புண்ணாக்குகிறது.

செவிப்பறைக்கு அப்பால் நடுச்செவி. அதன் அடியில் மெல்லிய எலும்பாலான குமிழ் போன்ற அறை உள்ளது. முகத்தை இயக்கும் நரம்பும், கண்பாவையையும் இமையையும் கட்டுப்படுத்தும் பரிவு நரம்பின் இழைகளும் இந்த அறையை ஒட்டியே செல்கின்றன. நோய் இங்கே இறங்கிவிட்டால் ஒருபக்க இமை தொங்குவது, கண்பாவை சுருங்குவது, உதடு தளர்வது, தலை சாய்ந்தே நிற்பது, நடை தள்ளாடுவது என அறிகுறிகள் காதை விட்டு வெளியே வந்துவிடும். பூனையின் நடுச்செவி அறை ஒரு எலும்புத் தடுப்பால் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. நரம்பிழைகள் அதில் இன்னும் வெளிப்படையாகக் கிடக்கின்றன. பூனையின் காதைக் கழுவும்போது நாயைவிட அதிகக் கவனம் தேவைப்படுவது இதனால்தான்.

காரணங்களை அடுக்கிப் பார்ப்பது

1988இல் ஜான் ஆகஸ்ட் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவப் பேராசிரியர், வெளிச்செவி அழற்சி ஒற்றைக் காரணத்தால் வருவதில்லை என்று எடுத்துக்காட்டி அதன் காரணங்களை வகைப்படுத்தினார். தோல் நோய் நிபுணர் கிரெய்க் கிரிஃபின் உள்ளிட்டோர் அதைப் பின்னர் செப்பனிட்டனர். இன்று கைக்கொள்ளப்படும் வகைப்பாட்டில் நான்கு அடுக்குகள் உண்டு. முதலாவது, ஆரோக்கியமான காதிலும் தானாகவே நோயை உண்டாக்கக்கூடிய மூலகாரணம்: ஒவ்வாமை, ஒட்டுண்ணி, காதுக்குள் புகுந்த புல்விதை, தைராய்டு சுரப்புக் குறைவு, கட்டி. இரண்டாவது, ஏற்கெனவே நோயுற்ற காதில் வந்து சேரும் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும். மூன்றாவது, நோய்க்கு முன்கூட்டியே இடங்கொடுக்கும் நிலைமைகள்: தொங்கும் மடல், குறுகிய புழை, புழைக்குள் அடர்ந்த மயிர், குளத்திலும் குளியலிலும் தேங்கும் நீர், ஓயாமல் சுத்தம் செய்யும் பழக்கம். நான்காவது, நோயை ஆறவிடாமல் நீடிக்கச் செய்யும் மாற்றங்கள்: தடித்துச் சுருங்கிய புழை, நடுச்செவிச் சீழ், நாட்பட்ட காதில் படியும் சுண்ணாம்பு. சொட்டு மருந்து முதன்மையாகத் தாக்குவது இரண்டாவது அடுக்கை. மற்ற மூன்றும் அப்படியே இருந்தால், காய்ந்த காது மறுபடி ஈரமாவதில் வியப்பில்லை.

மூலகாரணங்களில் நாய்களைப் பொறுத்தவரை முதலிடம் ஒவ்வாமைக்குத்தான். தூசுப்பூச்சி, மகரந்தம், பூஞ்சை வித்து ஆகியவற்றுக்கும் உணவுக்கும் மிகையாக எதிர்வினை செய்யும் நாய்க்கு அரிப்பு தோன்றும் இடங்கள் குறிப்பானவை: பாதங்கள், அக்குள், அடிவயிறு, முகம், காதின் உட்பக்கம். சில நாய்களுக்கு மற்ற இடங்களில் எதுவும் தெரியாமல் காது மட்டுமே நோயைக் காட்டும். இரண்டு காதுகளும் ஆண்டுக்குப் பலமுறை சிவந்து, நாய் பாதத்தையும் நக்கிக்கொண்டே இருக்குமானால் ஒவ்வாமையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உணவு ஒவ்வாமை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நாய்களுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாதவையாக அறியப்பட்டவை மாட்டிறைச்சி, பால்பொருட்கள், கோழி, கோதுமை. தமிழ்நாட்டு வீட்டு நாயின் அன்றாடத் தட்டை நினைத்துப் பாருங்கள்: தயிர்ச்சோறு, வேகவைத்த கோழி, இடையிடையே பிஸ்கட். நான்கில் மூன்று அங்கேயே இருக்கின்றன. இந்த உணவு எல்லா நாய்களுக்கும் கெடுதல் என்று இதற்குப் பொருளில்லை. காது ஓயாமல் வடியும் நாய்க்கு இதைச் சோதித்துப் பார்க்காமல் விடக்கூடாது என்பதே பொருள். சோதனைக்கு வழி, நாய் அதுவரை உண்ணாத ஒரே இறைச்சியும் ஒரே மாவுப்பொருளும் மட்டும் கொடுத்து எட்டு வாரம் காத்திருப்பது. உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை அதற்குள் தெளிவான முன்னேற்றம் காட்டுகின்றன. நோய் குறைந்தபின் பழைய உணவை மீண்டும் கொடுத்து, அரிப்பு திரும்புகிறதா என்று பார்த்து உறுதிசெய்ய வேண்டும். உணவு ஒவ்வாமையைக் கண்டறிய ரத்தப் பரிசோதனைகள் நம்பத்தக்கவை அல்ல.

தொங்கும் காதுதான் நோய்க்குக் காரணம் என்ற நம்பிக்கை இங்கே குறுக்கிடும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. மேலே சொன்ன பிரிட்டன் ஆய்வுத் தரவில், நிமிர்ந்த காதுள்ள நாய்களோடு ஒப்பிட்டால் தொங்கும் காதுள்ளவற்றுக்கு வெளிச்செவி அழற்சி வரும் வாய்ப்பு 1.76 மடங்கு இருந்தது. தரையைத் தொடுமளவு காது தொங்கும் பாசெட் ஹவுண்ட் இனத்தில் ஓராண்டுக்குள் ஏறத்தாழ 29 விழுக்காடு நாய்களுக்கு நோய் பதிவானது. ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால், இருப்பதிலேயே மோசமான காது வாய்த்த இனத்திலும் பத்தில் ஏழு நாய்கள் அந்த ஆண்டைக் காது நோயின்றிக் கடந்திருக்கின்றன. நிமிர்ந்த காதுள்ள ஜெர்மன் ஷெப்பர்டு ஒவ்வாமையால் அவதிப்படுவதும் எல்லா மருத்துவரும் அறிந்தது. மடலின் வடிவமும் மழைக்காலத்து ஈரமும் நோய்க்கு வாசலைத் திறந்துவைக்கின்றன; உள்ளே வருவது எது என்பதைத் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும். ‘இந்த ஜாதிக்கு அப்படித்தான்’ என்று சொல்லித் தேடலை நிறுத்துவது, தடுக்கக்கூடிய வலியை அந்த நாயின் தலையெழுத்தாக்கிவிடுகிறது.

பூனையின் கதை வேறு. பூனைகளுக்குக் காது நோய் நாய்களைவிடக் குறைவு. வரும்போது பெரும்பங்கு ஒட்டுண்ணியால் வருகிறது. ஓட்டோடெக்டிஸ் என்ற மைட், கண்ணுக்கு வெண்புள்ளியாகவே தெரியக்கூடிய மிகச் சிறிய உண்ணி. காதுத் தோலின் மேற்பரப்பில் வாழ்ந்து, காப்பித்தூளை ஒத்த கரும்பழுப்பு அழுக்கை உண்டாக்குகிறது. அது தரும் துன்பம் எத்தகையது என்பதற்கு ஒரு மனிதச் சாட்சியம் உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் ராபர்ட் லோபஸ், பூனையிடமிருந்து எடுத்த மைட்டுகளைத் தம் காதிலேயே இட்டுக்கொண்டு, அனுபவத்தை 1993இல் மருத்துவ இதழில் எழுதினார். காதுக்குள் பிறாண்டும் ஓசையும், இரவில் தூங்கவிடாத கடும் அரிப்பும் அவர் விவரித்தவை. வாய்பேசாத பூனை மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பதை ‘சோம்பல்’ என்று கடந்துபோகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். மைட் தொற்றக்கூடியது, தாயிடமிருந்து குட்டிக்கும், பூனையிடமிருந்து வீட்டு நாய்க்கும் தாவும். அதன் வாழ்க்கைச் சுற்று ஏறக்குறைய மூன்று வாரம் என்பதால் மூன்று நாள் மருந்து எதற்கும் போதாது. வீட்டில் உள்ள எல்லா நாய், பூனைகளுக்கும் சேர்த்துச் சிகிச்சை தர வேண்டும். மைட் இல்லாமலேயே இளம் பூனைக்கு ஒருபக்கக் காதில் சீழ் வடிந்து, தலை சாய்ந்து, மூச்சில் குறட்டை ஓசையும் கேட்டால், நடுச்செவியிலிருந்து வளரும் சதைவளர்ச்சியைத் தேட வேண்டும். அதற்குச் சொட்டு மருந்து வைத்தியமே அல்ல.

எங்கே, எதைப் பார்ப்பது

காது நோயை அடையாளம் காண்பதில் பாதி வேலை, நோய் மடலில் இருக்கிறதா, புழையில் இருக்கிறதா, அதற்கும் உள்ளேயா என்று பிரித்தறிவது. மடலின் விளிம்பில் தோல் தடித்து, மயிர் உதிர்ந்து, பக்கு படிந்திருந்தால் சொறியை நினைக்க வேண்டும். விளிம்பை விரல்களுக்கு இடையில் தேய்க்கும்போது நாயின் பின்னங்கால் தானாகச் சொறியும் அசைவு செய்யுமானால் சந்தேகம் வலுக்கிறது. சொறி உள்ள நாய்களில் பத்துக்கு எட்டு இப்படிச் செய்வதாக ஆய்வு காட்டியிருக்கிறது. ஒவ்வாமை இதற்கு நேர்மாறாக விளிம்பை விட்டுவிட்டு மடலின் உட்பக்கத்தைச் சிவக்க வைக்கும். மடல் திடீரென்று பை போல உப்பி, தொட்டால் மெத்தென்று இருந்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது. ஓயாத உதறலில் ரத்தக்குழாய் அறுந்ததன் விளைவு அது. கட்டிய ரத்தத்தை எடுப்பதோடு உதறலுக்குக் காரணமான காது நோயையும் கவனிக்காவிட்டால் மறுபடி கட்டும். வெள்ளைப் பூனையின் காது நுனியில் ஆறாத பக்கும் புண்ணும் இருந்தால் தாமதிக்கக் கூடாது. நிறமியில்லாத தோலை ஆண்டுக்கணக்கில் வெயில் தாக்குவதால் அங்கே தோல் புற்றுநோய் வரும். தொடக்கத்தில் நுனியை அறுத்தெடுத்தாலே பெரும்பாலும் பூனை பிழைத்துவிடும். தெருநாயின் காதில் ‘வி’ வடிவ வெட்டோ நறுக்கிய நுனியோ ஆறிய நிலையில் இருந்தால் அது நோயல்ல, கருத்தடை செய்யப்பட்டதன் அடையாளம். ஆனால் திறந்த புண்ணில் ஈ மொய்த்தால் ஓரிரு நாளில் புழு வைத்துவிடும். அது அவசர சிகிச்சைக்கு உரியது.

புழை நோயின் அடையாளங்கள் உதறல், பிறாண்டல், சிவப்பு, வாடை, கசிவு, தொட்டால் வலி. நடைப்பயிற்சி முடிந்த கையோடு ஒரு காதை மட்டும் வெறித்தனமாக உதறத் தொடங்கினால் புல்விதையையோ உள்ளே ஏறிய உண்ணியையோ தேட வேண்டும். வாயைத் திறக்கும்போது வலி, தலைச்சாய்வு, தள்ளாட்டம், முகத்தளர்ச்சி ஆகியவை நடுச்செவியையோ உட்செவியையோ சுட்டுகின்றன. இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். செவிப்பறை கிழியாமல் இருந்தால் நடுச்செவி நலமாக இருக்கிறது என்று கருத முடியாது. 1998இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், காது நோய் நாட்பட்ட நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு நடுச்செவியிலும் அழற்சி இருந்தது. அப்படி நடுச்செவி பாதித்த காதுகளில் பத்தில் ஏழில் செவிப்பறை முழுமையாகவே இருந்தது. கிழிந்த பறை உள்ளே தொற்று இருக்கும்போதே வளர்ந்து மூடிக்கொள்ளக்கூடும். மாதக்கணக்கில் ஆறாத காதுக்கு சி.டி. ஸ்கேனோ, மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் முழுப் பரிசோதனையோ தேவைப்படுவது இதனால்.

கண்ணாடித் தகட்டின் சாட்சியம்

காதின் நிறத்தையும் வாடையையும் வைத்துக் கிருமியை ஊகிப்பது பரவலான பழக்கம். பழுப்பு என்றால் ஈஸ்ட், மஞ்சள் என்றால் பாக்டீரியா என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. இந்த ஊகம் பல தடவை சரியாகவும் பல தடவை தவறாகவும் போகும். ஒரே காதில் இரண்டும் கலந்திருப்பதும் சாதாரணம். இதைவிட உறுதியான வழி எளியது. பஞ்சுக்குச்சியில் கசிவை எடுத்து, கண்ணாடித் தகட்டில் உருட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் எண்ணெய் வில்லையின் அடியில் பார்ப்பது. ஐந்து, பத்து நிமிட வேலை. நிலக்கடலை வடிவில் மலசீசியா ஈஸ்ட் தெரியும். உருண்டையாகத் தெரிபவை பெரும்பாலும் ஸ்டெஃபிலோகாக்கஸ். கோல் வடிவில் தெரிந்தால் சூடோமோனாஸ் போன்ற முரட்டுப் பாக்டீரியாவாக இருக்கலாம், அப்போது கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவது நல்லது. வெள்ளணுக்கள் நிறைந்திருந்தால் காது தீவிரமாகப் போராடிக்கொண்டிருக்கிறது. இன்னொரு துளியை எண்ணெயில் கலந்து பார்த்தால் மைட்டும் அதன் முட்டையும் தென்படும். இத்தனை செய்தியை இவ்வளவு குறைந்த செலவில் தரும் சோதனை கால்நடை மருத்துவத்தில் வெகுசிலவே. சிகிச்சை முடிந்தது என்று அறிவிக்கும் உரிமையும் இதற்கே உண்டு. வாடை போய், கசிவு நின்றபின்னும் தகட்டில் கிருமி தெரிந்தால் மருந்தை நிறுத்தக் கூடாது. பாதியில் நிறுத்தப்பட்ட மருந்துதான் எதிர்ப்புத் திறன் பெற்ற கிருமிகளுக்கு வழிவிடுகிறது.

சிகிச்சை என்பது வரிசை

முதலில் வலியையும் வீக்கத்தையும் அடக்க வேண்டும். புழை மூடிக்கொண்டிருக்கும் காதில் எந்தச் சொட்டும் உள்ளே போகாது. அத்தகைய நாய்க்குச் சில நாள் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து, புழை விரிந்தபின் மற்றவற்றைத் தொடங்குவது அனுபவமுள்ள மருத்துவர்கள் கைக்கொள்ளும் முறை. அடுத்தது சுத்தம். சீழும் குறும்பியும் மருந்தைத் தோலுக்குச் சேரவிடாமல் தடுக்கின்றன. சில ஆன்டிபயாட்டிக்குகளைச் சீழ் செயலிழக்கவே செய்துவிடும். கழுவும் திரவத்தைப் புழை நிறைய ஊற்றி, காதின் அடிப்பகுதியை விரல்களால் பிசைந்து, நாயைத் தலையை உதறவிட்டு, வெளியே வந்ததை மட்டும் பஞ்சால் துடைக்க வேண்டும். செவிப்பறை கிழிந்திருக்கும் என்ற ஐயம் இருந்தால் மருத்துவர் உப்புநீரைத்தான் நாடுவார். குளோர்ஹெக்சிடின் அடர்த்தியாக நடுச்செவியில் இறங்கினால் செவித்திறனையும் சமநிலையையும் கெடுக்கும், அதிலும் பூனைகள் இதற்கு எளிதில் பலியாகும். ஜென்டமைசின் போன்ற மருந்துகளுக்கும் இந்த அபாயம் உண்டு. மூன்றாவதுதான் மருந்து. வெளிச்செவி நோய்க்குக் காதில் நேரடியாக இடும் மருந்து, மாத்திரையைவிட நூற்றுக்கணக்கான மடங்கு செறிவோடு கிருமியைச் சென்றடைகிறது. பெரும்பாலான நாய்களுக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை தேவையே இல்லை. ஆனால் நீண்ட புழையை நனைக்க ஓரிரு சொட்டு போதாது. சூடோமோனாஸ் போன்றவை வழுவழுப்பான படலத்தைப் போர்த்திக்கொண்டு மருந்தைத் தடுக்கும்போது, ட்ரிஸ்-இ.டி.டி.ஏ. என்ற கரைசலை முன்கூட்டி ஊற்றினால் அது பாக்டீரியாவின் வெளிச்சுவரிலிருந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பறித்து, பின்னால் வரும் மருந்துக்கு வழி செய்கிறது.

மைட்டுக்கு இன்று செலமெக்டின், மாக்சிடெக்டின், ஃப்ளூரலானர் போன்றவை பிடரித் தோலில் இடும் சொட்டாகவே கிடைக்கின்றன. காதுக்குள் எதையும் ஊற்றாமல் மைட்டை ஒழிக்கலாம். ஐவர்மெக்டின் ஊசியை எல்லா நாய்க்கும் போடுவது ஆபத்து. கோலி இனத்திலும் அதன் உறவினங்களிலும் மரபணு மாற்றம் ஒன்றால் இம்மருந்து மூளைக்குள் புகுந்து உயிரைக் குடிக்கக்கூடும் என்பது 2001இல் நிறுவப்பட்டது. வலிக்கு மனித மாத்திரை கொடுப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. பாராசிட்டமாலை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனைக்கு மிகக் குறைவு. ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். கடைசி அடுக்கு, பலரும் எட்டாமலே விட்டுவிடுவது: மூலகாரணத்துக்கான நெடுநாள் வைத்தியம். ஒவ்வாமை நாய்க்கு உணவுச் சோதனை, தெள்ளுப்பூச்சிக் கட்டுப்பாடு, அரிப்புக்கான மருந்து ஆகியவற்றோடு, காது நன்றாக இருக்கும்போதும் மருத்துவர் சொன்ன இடைவெளியில் ஸ்டீராய்டு மட்டும் உள்ள சொட்டை இட்டுவருவது நோய் திரும்புவதைத் தள்ளிப்போடுகிறது. இவையெல்லாம் தவறிய காதில் புழையே எலும்பாக இறுகிவிடும். அப்போது எஞ்சுவது புழை முழுவதையும் அகற்றி நடுச்செவியைச் சுரண்டும் அறுவை சிகிச்சை. வலி தீரும், அந்தக் காதின் செவித்திறன் பெருமளவு போகும்.

மறுப்புகளும் மறுமொழியும்

முதல் மறுப்பு நடைமுறையிலிருந்து எழுகிறது. கடையில் கிடைக்கும் சொட்டு மருந்தில் ஆன்டிபயாட்டிக், பூஞ்சைக்கொல்லி, ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. எது காரணமாக இருந்தாலும் ஒன்று வேலை செய்யும்போது சோதனை எதற்கு என்பது அது. முதன்முறையாக, லேசாக வந்த காது நோயில் இந்த வாதம் பலிக்கவும் செய்கிறது. ஆனால் அப்படிக் குணமாவதில் பெரும்பங்கு ஸ்டீராய்டுடையது. அது எந்த அழற்சியையும் தற்காலிகமாக அடக்கிவிடும் என்பதால் காரணம் மறைந்துபோகிறது. உள்ளே புல்விதை இருந்தால் அது அங்கேயே இருக்கும். பறை கிழிந்திருந்தால் மருந்தே நஞ்சாகலாம். மருந்தில் உள்ள நியோமைசின் சில நாய்களுக்குத் தொடுவொவ்வாமையைத் தந்து காதை இன்னும் சிவக்க வைக்கும். அதை நோயின் தீவிரம் என்று எண்ணி அதே மருந்தை இரட்டிப்போம். ஒவ்வொரு தேவையற்ற சுற்றும் எதிர்ப்புத் திறன் பெற்ற ஸ்டெஃபிலோகாக்கஸைத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறது. அது நாயோடு நின்றுவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, வீட்டாரின் தோலிலும் ஒட்டக்கூடியது.

இரண்டாவது மறுப்பு செலவைப் பற்றியது. இது நியாயமானது, எளிதில் ஒதுக்கத்தக்கதல்ல. சி.டி. ஸ்கேனும் மயக்க மருந்தும் எல்லோராலும் இயலாது. ஆனால் இக்கட்டுரை முதலில் கேட்பது ஸ்கேனை அல்ல. காதுக்குள் ஒளிபாய்ச்சிப் பார்க்கும் ஓட்டோஸ்கோப், ஒரு கண்ணாடித் தகடு, சாயம், நுண்ணோக்கி, நோய் வரலாறு பற்றிய ஐந்து கேள்விகள் ஆகியவை சாதாரண மருத்துவமனையிலும் சாத்தியமானவை. உணவுச் சோதனைக்கும் விலையுயர்ந்த தீனிப்பொட்டலம் கட்டாயம் இல்லை; மருத்துவர் மேற்பார்வையில் வீட்டுச் சமையலே போதும், தேவைப்படுவது எட்டு வார உறுதி. ஆண்டுக்கு நான்கு முறை வாங்கும் சொட்டு மருந்து, கடைசியில் வந்து நிற்கும் அறுவை சிகிச்சை, இடைப்பட்ட காலமெல்லாம் விலங்கு பட்ட வலி ஆகியவற்றைக் கூட்டினால், மலிவாகத் தோன்றும் வழிதான் அதிக விலை கொண்டது.

மூன்றாவது மறுப்பு கைவைத்தியத்தின் பக்கமிருந்து வருகிறது. பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெய், வேப்பெண்ணெய், மஞ்சள், வினிகர் எல்லாம் இயற்கைப் பொருட்கள்தானே, கெடுதல் என்ன என்பது. எண்ணெயில் மூச்சடைத்துச் சில மைட்டுகள் சாகலாம், லேசான அமிலத்தில் ஈஸ்ட் குறையலாம். இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வளைந்த புழையில் ஊற்றிய எண்ணெய் வெளியே வராமல் அழுக்கோடு சேர்ந்து தங்குகிறது. புண்ணான தோலில் வினிகர் எரிகிறது. அதன்பின் அந்த விலங்கு காதைத் தொடவே விடாது, சரியான சிகிச்சையும் கடினமாகிவிடும். பூண்டு நாய், பூனைகளின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் இயல்புடையது. மேலே வழிந்ததை நக்கும் பூனைக்கு அது வயிற்றுக்குள் போகிறது. இயற்கையானதா, செயற்கையானதா என்ற கேள்வி காதுக்குப் பொருந்தாது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஊற்றும் எதற்கும் ஆட்சேபம் ஒன்றுதான். அது கடை மருந்துக்கும் சமமாகப் பொருந்தும்.

ஆகவே வேண்டியவை தெளிவானவை. வளர்ப்போர் நோய் வந்த தேதி, எந்தக் காது, பருவம், உணவு, குளியல் ஆகியவற்றைக் குறித்துவைத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். பழைய புட்டியில் மிச்சமிருக்கும் மருந்தைத் தாமாக ஊற்றக் கூடாது. இரண்டாம் முறை நோய் வந்தால் காரணத்தைத் தேடச் சொல்லிக் கேட்க வேண்டும். மருத்துவர்கள் தகட்டைப் பார்ப்பதைக் கடினமான காதுகளுக்கு மட்டுமான சலுகையாக வைக்காமல், காய்ச்சலுக்கு வெப்பமானி வைப்பதைப் போல வழக்கமாக்க வேண்டும். குணமான பிறகும் ஒருமுறை வரச்சொல்ல வேண்டும். அரசு கால்நடை மருந்தகங்களில் ஓட்டோஸ்கோப்பும் சாயமும் எப்போதும் இருக்கும்படி செய்வது பெரும் நிதி கேட்கும் சீர்திருத்தம் அல்ல. ஒரு நாயின் காது நோய்க்குச் சரியான வைத்தியம் நடந்ததா என்பதைப் பத்தாம் நாளில் காய்ந்த காதை வைத்துச் சொல்ல முடியாது. ஓராண்டுக்குள் எத்தனை முறை திரும்பியது என்பதை வைத்தே சொல்ல முடியும். அந்த ஓராண்டை மனத்தில் வைத்து இன்றைய முதல் பரிசோதனையைச் செய்வதே, வலியைச் சொல்லத் தெரியாத உயிர்களை வீட்டில் வைத்திருக்கும் நமக்கும் அவற்றைப் பார்க்கும் மருத்துவருக்கும் உள்ள பொறுப்பு.